குண்டூர் லாரியைத் தட்டியது யார்

போன ஞாயிற்றுக்கிழமை நம் கான்வாயில் நடந்ததைப் பற்றி நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று உங்களில் மூன்று பேர் தனித்தனியே கேட்டீர்கள். மூவருமே, "விதிமுறை எழுதியவரே நீங்கள்தானே" என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். உண்மைதான். எழுதியவள் நான்தான். அதனால்தான் வாய் திறக்க ஒரு வாரம் ஆயிற்று.

நம் குழுவைத் தெரியாதவர் கைக்கும் இது போகும் என்பதால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஞாயிறு காலை முதல் காபி முடிந்ததும் அவரவர் வீட்டில் கணினிக்கு முன் உட்கார்ந்து, பொய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரே சாலையில் வரிசையாக லாரி ஓட்டுகிறோம். லாரி சிமுலேட்டர் என்று அதற்குப் பெயர். வீட்டில் இருப்பவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் போக்குவரத்து அலுவலகத்தில் முப்பத்துச் சொச்சம் வருடம் உட்கார்ந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவள். லாரி ஓட்ட யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று காகிதத்தில் ஒப்பமிட்டே காலம் போயிற்று. ஒரு லாரியையும் ஓட்டியதில்லை. மருமகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது தன் ஸ்டியரிங் செட்டை விட்டுவிட்டு, "அத்தை, இத வித்துடுங்க" என்றான். விற்கவில்லை. பெங்களூரில் நான்காவது கியரைப் போட்டே பல வருடம் ஆகிறது. திரையிலாவது போடலாமே என்று ஆரம்பித்தேன்.

நம் குழுவில் லாரியைவிட வேகமாக ஓடுவது ஜோக்குகள். ஹாரன் கெட்டால் தமிழ்நாட்டுக்காரர் லாரியை ஷெட்டில் விடுவார். பிரேக் கெட்டால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். மலைப்பாதையிலேயே வளர்ந்த கேரளத்துக்காரருக்கு நேர்ச்சாலையில் தூக்கம் வந்துவிடும் என்பதால், வளைவு இல்லாத இடத்திலும் ஒரு முறை வளைத்துக்கொள்வார். கர்நாடகத்துக்காரர் நாற்சந்தியில் எல்லோரையும் "நீவு ஹோகி" என்று அனுப்பிவிட்டுப் பொழுது சாயும்வரை நிற்பார். பஞ்சாப்காரரின் லாரிக்கு இரண்டே கியர்: நிற்பது ஒன்று, டில்லி ஒன்று. இவற்றில் பாதி நான் சொன்னவை. நான் இந்த ஜோக்குகளை ஒன்பது வயதிலிருந்து சேர்த்துவருகிறேன்.

போன ஞாயிறு மலைச்சாலை வளைவில் நம் ஐந்து லாரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நான் வகுத்த படிவம் ஒன்று இருக்கிறதே, சம்பவ அறிக்கை, அதை நம்மில் ஒருவர் பூர்த்தி செய்து குழுவில் போட்டார். "காரணம்" என்ற கட்டத்தில் இரண்டே சொல்: "ஓட்டுநர் விஜயவாடாக்காரர்." அதன்கீழ் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று என்னுடையது. நம்மோடு சேர்ந்து ஒரு மாதமே ஆன விஜயவாடா நண்பர் அன்று மாலை "நன்றி, வணக்கம்" என்று எழுதிவிட்டு விலகினார். திங்கட்கிழமை நான் அவருக்குப் போன் செய்தேன். பேசினோம். அவர் திரும்ப வருகிறார். அந்த விஷயம் அதோடு முடிந்தது; யாரும் அவரிடம் அதைக் கிளற வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. அந்தச் சிரிப்பு முகத்தை அனுப்பிய என் கை இதற்கு முன்பே ஒரு தெலுங்கு டிரைவரை மாட்டிவிட்ட கை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு பெங்களூர் ஆஸ்டின் டவுனில். அப்பா அடுகோடிக்கு அப்பால், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு லாரி ஆபீசில் ரைட்டர். வருகிற லாரி, போகிற லாரி, மூட்டைக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். கோடை விடுமுறை முழுவதும் அப்பாவுக்குச் சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் நடப்போம். எனக்கு ஒன்பது, அவனுக்கு ஆறு. போகிறபோது கேரியர் கனமாக இருக்கும், நேராகப் போவோம். அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு அது லேசாகிவிடும். வீடு திரும்புவதற்கு அவசரம் எதுவும் இருக்காது.

ஆபீசுக்குப் பின்னால் யார்டு. அதன் சுவரில் "சிறுவர்கள் உள்ளே வரக்கூடாது" என்று தமிழிலும் கன்னடத்திலும் அப்பாவே அழகாக எழுதி மாட்டிய பலகை. அதன்கீழே குனிந்து நாங்கள் உள்ளே போவோம். ரைட்டர் பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை. விதியை எழுதியவர் வீட்டுக்கு விதி கிடையாது என்பதை நான் பின்னால் சர்க்கார் உத்தியோகத்தில் நிறையப் பார்த்தேன். முதலில் பார்த்தது அங்கேதான்.

யார்டின் ஓரத்தில் இன்ஜின் கழற்றிய ஒரு செத்த லாரி. சக்கரத்துக்குப் பதில் செங்கல். ஸ்டியரிங்கும் இல்லை. விளிம்பில் எனாமல் பெயர்ந்த ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தம்பி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவான். அவன் டிரைவர். நான் கிளீனர். கிளீனர் வேலைதான் பெரிய வேலை என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஏனென்று சொல்கிறேன். அந்த யார்டு வாசலில் குறுகி, உள்ளே முழங்கை மாதிரி மடங்கும். எந்த லாரியும் பின்பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். மடங்குகிற இடத்தில் கண்ணாடியில் சுவர் மட்டும்தான் தெரியும். ஆகவே எந்த டிரைவரும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. கிளீனர் பின்னால் நின்று லாரியின் பலகையில் கையால் தட்டுவார். இரண்டு இரண்டாகத் தட்டினால் வா. ஓங்கி ஒரே தட்டுத் தட்டினால் நில். அந்த ஒற்றைத் தட்டு விழும்வரை டிரைவர் நிறுத்த மாட்டார். யார்டில் எப்போதும் நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள் என்பதால் குரலை யாரும் நம்புவதில்லை. தட்டுதான் பேச்சு. தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடத்தான் எல்லோருக்கும் அது ஒன்றே.

யார்டு வாசலில் ஒரு டீக்கடை. ஜோக்குகளின் தலைமை அலுவலகம் அதுதான். நம்பர் பலகையின் முதல் எழுத்துகளைப் பார்த்ததுமே லாரி நிற்பதற்கு முன் ஜோக் வந்துவிடும். ஆந்திர வண்டி என்றால் டீக்கடைக்காரர் சொல்வது: "ஆந்திரா டிரைவருக்குக் கண்ணாடி எதுக்குத் தெரியுமா? மீசை பாக்கறதுக்கு. பின்னாடி பாக்கறதுக்கு இல்ல." ஆந்திர டிரைவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்வார்கள். அதுவரை யாருக்கும் நஷ்டமில்லை.

அந்தச் சித்திரை வெயிலில் குண்டூரிலிருந்து மிளகாய் லோடு ஒன்று வந்தது. மிளகாய் லாரி தெருவில் திரும்பும்போதே யார்டில் தும்மல் ஆரம்பிக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொள்வார்கள். இறக்கி முடித்ததும் உடம்பெல்லாம் எரியும். அதற்காகவே யார்டின் கோடியில் ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. மாடு குளிப்பதுபோல் அதில் விழுந்து குளித்தால்தான் அவர்களால் வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியும்.

டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். அமைதியான ஆள். கிளீனர் அவரைவிட இருபது வயது மூத்தவர். இரண்டு பேருமே குண்டூர்ப் பக்கம். கிளீனர் நல்ல தமிழ் பேசுவார், டிரைவருக்கும் பேச்சுத் தமிழ் வரும். லாரி மடக்கு வரை வந்து, இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. பெரியவர் இறங்கி டீக்கடைப் பக்கம் போனார். நான் லாரியின் பின்னால் நின்றிருந்தேன். தம்பி செத்த லாரியில் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஏன் செய்தேன் என்று இன்றுவரை ஒரு கட்டத்தில் பூர்த்தி செய்ய முடியவில்லை. பலகையில் கையை வைத்தேன். இன்ஜின் அதிர்வு உள்ளங்கை வழியே தோள் வரை ஏறியது. இரண்டு தட்டுத் தட்டினேன்.

லாரி வந்தது.

செங்கல்மேல் நின்ற லாரியை ஒரு மாதமாகத் தட்டி வந்தவளுக்கு, ஒரு நிஜ லாரி தன் கையை மதித்து நகர்வது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பின்னால் நகர்ந்துகொண்டே மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. அது வந்துகொண்டே இருந்தது. திடீரென்று என் முதுகில் தொட்டியின் ஈரம் பட்டது. எனக்கு முன்னால் மூட்டை மூட்டையாக ஒரு மலை என்மேல் வந்துகொண்டிருந்தது. நான் பக்கவாட்டில் பாய்ந்து ஓடினேன். ஒற்றைத் தட்டை மறந்துபோனேன்.

தொட்டி உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. தண்ணீர் போன சத்தம்தான் பெரிது. முந்தின லோடில் இறக்கிவைத்திருந்த மூட்டைகளை நனைத்துக்கொண்டு, சிவந்து, யார்டு முழுக்க ஓடியது. வெறுங்காலோடு நின்றவர்களெல்லாம் குதித்தார்கள். நான் செத்த லாரிக்குள் ஏறிப் பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டேன்.

"அக்கா, நீதான தட்டுன" என்றான் தம்பி.

"வாய மூடு."

பலகை இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. யார்டு மேஸ்திரி முதலில் வந்தார். கன்னடத்துக்காரர், தமிழில்தான் திட்டுவார். "ஏன்யா, கண்ணு எங்க வச்சிருக்க? இவ்ளோ பெரிய தொட்டி தெரியலியா?"

டிரைவர் இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "தட்டு வந்துச்சு சார். ரெண்டு ரெண்டா வந்துச்சு."

"யாரு தட்டினா? ஒன் கிளீனர் அங்க டீ குடிக்கறான். தெவ்வமா, பேயா வந்து தட்டுச்சு?"

கிளீனர் பெரியவர் கையில் டீ டம்ளரோடு ஓடிவந்தார். அந்த டம்ளர் போதும், சாட்சிக்கு. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர், "இன்னைக்கு எங்கள எதுல குளிக்கச் சொல்றீங்க? இவன் மீசையிலயா?" என்றார். டீக்கடைக்காரர் வாசலிலிருந்தே தன் ஜோக்கை எடுத்துவிட்டார். கண் எரிய எரிய எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது. யாரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

டிரைவரும் கொஞ்சம் சிரித்தார். சிரிக்கிறார் என்றால் அவருக்கே தெரியும் போலிருக்கிறது, தப்பு அவருடையதுதான் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் வெளியூர்க்காரன் தனியாகச் சிரிக்காமல் நிற்க முடியாது என்பது எனக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் புரிந்தது. அன்று சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே அவர் சிமெண்ட் குழைத்துச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். "தப்பு பண்ணவன்தான் சும்மனே கைகுடுப்பான்" என்றார் மேஸ்திரி. கைகொடுக்காமல் இருந்திருந்தால், திமிரைப் பார் என்று சொல்லியிருப்பார்.

அப்பா கடிதம் எழுதினார். குண்டூரில் இருக்கிற லாரி முதலாளிக்கு, ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் சந்தர்ப்பம் அவருக்கு அபூர்வமாகத்தான் வரும், வந்தால் விடமாட்டார். சாயங்காலம் வீட்டில் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். "அந்தப் பிரதேசத்து ஓட்டுநர்களுக்கு வழக்கமான அலட்சியம் காரணமாக."

"அப்பறம் அந்தாளுக்கு வேல?" என்றாள் அம்மா.

"இந்த யார்டுக்கு இனிமே அனுப்பாதீங்கன்னு எழுதியிருக்கேன். அவங்களுக்கு இங்க வர்ற லோடுதான் லோடு. எடுத்துருவாங்க. எடுக்கட்டும், பின்னாடி ஆள் நின்னிருந்தா என்ன ஆகறது?" பிறகு மீசை ஜோக்கைச் சொன்னார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். தம்பி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.

என் அப்பா கெட்ட மனிதரில்லை. ஒரு மூட்டை குறைந்தால் மூன்று முறை எண்ணுவார். கையெழுத்து இல்லாத சீட்டை வாங்க மாட்டார். ஆனால் அன்று எதையும் சரிபார்க்கவில்லை. ஜோக் ஏற்கெனவே பதிலைச் சொல்லிவிட்டது. பின்னாளில் என் மேஜைக்கு வந்த விபத்து அறிக்கைகள் ஒவ்வொன்றிலும், காரணம் எழுதியிருக்கும் இடத்தில், நான் அப்பாவின் கையெழுத்தைத் தேடியிருக்கிறேன். பேச்சில் இருக்கும்வரை ஜோக். அதையே அறிக்கையில் எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் விசாரிக்கப் போவதில்லை.

அந்தக் காலத்தில் லாரி ஆபீஸ் கடிதம் தபாலில் போகாது. லாரியிலேயே போகும். முதலாளிக்குப் போகிற கடிதத்தை அரக்கு முத்திரை வைத்து டிரைவர் கையில் கொடுப்பார்கள். டிரைவர்மேல் புகார் என்றாலும் அதே நடைமுறைதான். தன் வேலைக்கு உலைவைக்கும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, நானூறு மைல் ஓட்டிக்கொண்டுபோய், தானே கொடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும். வழியில் ஒருவரும் தூக்கி எறிந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் நண்பகல் கேரியரோடு போனபோது குண்டூர் லாரி திரும்புகிற லோடு ஏற்றித் தயாராக நின்றது. மூன்று மணிக்குப் புறப்பாடு. டிரைவரின் சட்டைப் பையில் உறையின் வெள்ளை விளிம்பு தெரிந்தது. அவர் குனிந்து டயரைப் பார்க்கும்போதெல்லாம் அது விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அப்பா இரண்டாவது தட்டுச் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அப்பா, நான்தான் தட்டினேன்."

"எத?"

"லாரிய. நேத்து. ரெண்டு ரெண்டா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பாவம்னு பொய் சொல்லக் கூடாது பாப்பா. அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?"

"பொய் இல்லப்பா."

"ஒன் கை எவ்ளோ இருக்கு? அந்த இன்ஜின் சத்தத்துல அவன் காதுல எப்டி விழும்?"

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. தப்பை நம்பாததுகூடப் பரவாயில்லை, என் தட்டை நம்பவில்லையே. "நான் தட்டிக் காட்டறேன்" என்றேன்.

தம்பி சாட்சி சொன்னான். "அக்கா தட்டுச்சுப்பா. அப்பறம் ஓடிடுச்சு."

அப்பா கையைக் கழுவினார். சாப்பாடு பாதியில் நின்றது. அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி கேட்டுவிட்டு, "சுள்ளு ரைட்டரே. பிள்ள சும்மனே சொல்லுது" என்றார். "சுள்ளா நெஜமான்னு பாத்துருவோம்" என்றார் அப்பா.

பிறகு அவர் செய்ததை நினைத்தால், நான் என் உத்தியோகத்தில் நடத்திய எந்தப் பரீட்சையும் அவ்வளவு ஒழுங்கானதில்லை என்பேன். லாரியை அதே மடக்கில் நிறுத்தச் சொன்னார். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கோணி கட்டச் சொன்னார். கிளீனர் பெரியவரை டீக்கடை பெஞ்சில், எல்லோரும் பார்க்கும்படி உட்காரவைத்தார். கடைசிச் சுவருக்கு வெகுதூரம் முன்னாலேயே இரண்டு ஆளை நிறுத்தினார். யார் தட்டப் போகிறார்கள் என்று டிரைவரிடம் சொல்லவில்லை. "இன்ஜினப் போட்டுட்டு நேத்து மாதிரியே இரு" என்று மட்டும் சொன்னார். டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

முதலில் மேஸ்திரியைக் கத்தச் சொன்னார் அப்பா. "பா பா பா, வா வா" என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார். லாரி அசையவில்லை.

பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் தட்டு எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். லாரி நகர்ந்தது. யார்டில் ஒரு தும்மல்கூட இல்லை. இரண்டு. வந்தது. இரண்டு. வந்தது. இப்போது நான் ஓடவில்லை. ஓங்கி ஒரு தட்டு. லாரி அந்த இடத்திலேயே நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய், மேலே பார்த்து, "லெட்டரக் குடுப்பா" என்றார்.

டிரைவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கோணி கட்டிய கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. "எந்த லெட்டர் ரைட்டர் காரு?"

"நேத்துக் குடுத்தது."

"அது மா ஓனர் பேருக்கு இருக்குதே. சீல் வேற போட்டிருக்குது. நடுவுல நான் எப்படித் தர்றது? ரூல் இருக்குதில்ல."

டீக்கடை பெஞ்சிலிருந்து கிளீனர் பெரியவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மேஸ்திரி. அப்பாவால் சிரிக்க முடியவில்லை. ரூல் இருப்பது உண்மைதானே. அவர் நின்றுகொண்டே இருந்தார். டிரைவர் அவரை ஒரு நிமிடம் அப்படியே நிற்கவைத்துவிட்டு உறையை நீட்டினார். அந்த ஒரு நிமிடத்துக்கு அவருக்கு உரிமை இருந்தது.

என்னை அவர் திட்டுவார் என்று நின்றேன். "அம்மாயி, தட்டறது நல்லா இருக்குது" என்றார். "ஓடும்போதும் ஒண்ணு தட்டிட்டு ஓடு."

அப்பா புதிய கடிதம் எழுதினார். மறுபடியும் ஆங்கிலம், ஆனால் இம்முறை நாலே வரி. வீட்டில் சொல்லிக்காட்டவில்லை. நகல் புத்தகத்தில் இருந்ததை நான் பெரியவளான பிறகுதான் படித்தேன். தொட்டி உடைந்தது, ஓட்டுநர்மேல் தவறில்லை, சமிக்ஞை கொடுத்தது எழுத்தரின் மகள், தடைசெய்யப்பட்ட இடத்தில் அவளை அனுமதித்தது எழுத்தரின் குற்றம். அந்தக் கடிதம் முதலாளிகளுக்குள் கைமாறினால் தன் வேலைக்கே ஆபத்து என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அரக்கு உருக்கி முத்திரை வைத்து, அதே டிரைவர் கையில், அதே நடைமுறைப்படி கொடுத்தார்.

அன்றோடு பலகை எங்களுக்கும் அமலுக்கு வந்தது. கேரியரை வாசலில் கொடுத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்து வாங்கிக்கொண்டு போவோம். எனாமல் தட்டு செத்த லாரிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துத் தரச் சொல்லி யாரிடம் கேட்பதென்று தம்பிக்குத் தெரியவில்லை. பிறகு லாரியையே உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் நம்பர் பலகையைத்தான் பார்த்தேன். பத்து நாள் கழித்து அதே குண்டூர் லாரி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் உள்ளே வேறு டிரைவர், வேறு கிளீனர். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அப்பா வெளியே வந்து அந்த டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று கேரியரில் சாதம் அப்படியே திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். நாம் ஒருவரைப் பற்றி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் அது அவருக்கு முன்னாலேயே ஊர்போய்ச் சேர்ந்திருக்கும் என்று அப்போதுதான் பயந்தேன். அன்று வந்த டிரைவரைப் பார்த்துக்கூட டீக்கடைக்காரர் மீசை ஜோக்கைச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, முதல் மழை பெய்து வெறித்த ஒரு மத்தியானம், பழைய டிரைவர் வந்தார். லாரி வாசலில் நின்றது. முகமெல்லாம் ஆறிப்போன அம்மைத் தழும்பு. இருபது நாள் படுக்கையாம். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். இறங்கினார். லாரியைச் சுற்றி நிதானமாகப் பின்பக்கம் நடந்துபோய், அங்கே நின்ற கிளீனர் பெரியவரிடம், "இன்னைக்குத் தட்டறது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அப்பா அவசரமாக வெளியே வந்தார். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. "வேல போகலியே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"போகல சார். ஓனர் லெட்டரப் படிச்சுட்டு ஒரே சிரிப்பு. ஆபீஸ்ல எல்லார்க்கும் படிச்சுக் காட்டினாரு. இப்ப ஒங்கோல் வரைக்கும் ஒரு ஜோக்கு ஓடுது. பெங்களூரு யார்டுக்குப் போனா, இறங்கி, தட்டறது யாருன்னு பாத்துட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கணும். அந்த ஊர்ல பொம்பளப் புள்ளைங்க லாரிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்டும்."

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நம் ஊரைப் பற்றி வெளியூரில் ஒரு ஜோக் இருப்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. மேஸ்திரி சற்றுத் தாமதமாகச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்பாவுக்குப் பதிவேடு ஞாபகம் வந்துவிட்டது. "அது ஜோக் இல்லப்பா" என்றார். "நடந்தது."

"தெரியும் சார்" என்றார் டிரைவர், படியில் கால்வைத்து ஏறிக்கொண்டே. "நடந்ததுன்னு நான் சொன்னப்ப யாரும் நம்பல. ஜோக்குன்னு சொன்னாத்தான் நம்பறாங்க."